எங்ஙனம் அறிவோம்? – மோரிட்ஸ் ஷ்லிக்

நுழையும்முன்

ஒரு செய்தி நம் செவியில் விழுந்ததும் அது மெய்யா, பொய்யா என வினவுகிறோம். அவ்வினாவிற்கும் முன்னதாக எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு எனக் கருதினார் ஒரு மெய்யியல் அறிஞர். அச்செய்தி மெய்யாயின் உலகம் எவ்வாறு இருக்கும், பொய்யாயின் எவ்வாறு இருக்கும் என்பதே அவ்வினா. இயற்பியல் மாணவராகத் தொடங்கி, அறிவியலின் மெய்யியலுக்குப் புதுவழி வகுத்து, தாம் கற்பித்த பல்கலைக்கழகத்தின் படிக்கட்டிலேயே உயிர்நீத்த மோரிட்ஸ் ஷ்லிக்கின் வாழ்வையும் சிந்தனையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செஞ்சியில் மூன்று கூற்றுகள்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சியை நெருங்கும்போதே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், அவற்றை வளைத்துச் செல்லும் நெடுமதிலும் கண்ணில் படுகின்றன. மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரிடம் கைமாறிய இக்கோட்டை, 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அக்கோட்டையின் அடிவாரத்தில் மூவர் நின்று உரையாடுவதாகக் கற்பனை செய்துகொள்வோம்.

ராஜகிரியே மூன்று குன்றுகளிலும் உயரமானது என்கிறார் முதலாமவர். ராஜகிரியின் பாறைக்குள் பழங்காலப் புதையல் ஒன்று இருக்கிறது என்கிறார் இரண்டாமவர். மூன்றாமவர் கூறுவது சற்று விந்தையானது. அப்பாறைக்குள் ஒரு பொருள் உண்டு; அதனைக் காணவோ தொடவோ எடைபோடவோ இயலாது; எந்தக் கருவிக்கும் எந்தக் காலத்திலும் அது அகப்படாது; அது இருப்பதனால் எதற்கும் எம்மாற்றமும் நேராது; ஆயினும் அது இருக்கிறது என்கிறார் அவர்.

முதற்கூற்றை அளந்து பார்த்து முடிவு செய்யலாம். அது மெய் என்றே தெரியவரும். இரண்டாம் கூற்று பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். இருந்தாலும், அதனைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பாறையைத் துளைக்கலாம், உட்புறத்தை ஆராயும் கருவிகளைக் கொண்டு வரலாம். பொய்யான கூற்றும் பொருளுடைய கூற்றுதான். மூன்றாம் கூற்றைச் சோதிக்க எங்கே தொடங்குவது? அப்பொருள் இருந்தால் உலகம் எப்படி இருக்குமோ, இல்லாவிட்டாலும் அப்படியேதான் இருக்கும். அக்கூற்று பொய் என்று சொல்லவே நம்மில் பலரும் விரும்புவோம். ஷ்லிக் அவ்வாறு சொல்லமாட்டார். பொய் என்று சொல்வதற்கும் சரிபார்த்தல் வேண்டும் அல்லவா? எழுவாயும் பயனிலையும் முறையாக அமைந்திருந்தும், மூன்றாம் கூற்று எதையும் கூறவில்லை என்பதே அவர் முடிவு. அதனை மறுத்து, அப்படியொரு பொருள் இல்லவே இல்லை என்று வாதிடுபவரும் எதையும் கூறியவர் ஆகார்.

எளிய கருத்தாகத் தோன்றும் இது, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெய்யியல் உலகையே கலங்கச் செய்தது. நூற்றாண்டுகளாக அறிஞர்கள் தீர்க்க முயன்ற பெருவினாக்களில் பல, விடை கிடைக்காத வினாக்கள் அல்ல, வினாக்களே அல்ல என்று சொன்னால் யார்தான் அமைதியாக இருப்பர்?

ஒளியைப் பயின்ற இளைஞர்

மோரிட்ஸ் ஷ்லிக் 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஹைடல்பெர்க், லோசான், பெர்லின் ஆகிய இடங்களில் இயற்பியல் பயின்றார். பெர்லினில் அவருக்கு ஆய்வு நெறியாளராக வாய்த்தவர் மாக்ஸ் பிளாங்க். குவாண்டம் கொள்கையின் தந்தை என இன்று இயற்பியல் நூல்கள் குறிப்பிடும் அதே பிளாங்க்தான். சீரற்ற ஊடகத்தில் ஒளி எவ்வாறு எதிரொளிக்கப்படுகிறது என்பதைப் பற்றிய ஆய்வேட்டிற்காக 1904இல் ஷ்லிக் முனைவர் பட்டம் பெற்றார்.

இயற்பியலிலேயே தொடர்ந்திருந்தால் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்திருக்கும். அவர் மனமோ வேறு திசையில் சென்றது. 1908இல் வெளிவந்த அவரது முதல் நூல் இயற்பியலைப் பற்றியது அன்று. மகிழ்ச்சியான வாழ்வைப் பற்றியது. இச்செய்தியை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இவரை நெஞ்சில் ஈரமற்ற தருக்கவாதி என்று பழித்தவர்கள் பலர். 1911இல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கத் தொடங்கினார். அங்குப் பத்தாண்டுகள் பணியாற்றியபோதுதான் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு அவர் சிந்தனையை ஆட்கொண்டது.

ஐன்ஸ்டைன் எழுப்பிய வினா

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஒரே கணத்தில் மின்னல் தாக்கியது என்று ஒருவர் கூறுவதாக வைத்துக்கொள்வோம். இதில் ஐயத்திற்கு இடமேது என்று தோன்றும். ஒரே கணம் என்பதை எவ்வாறு கண்டறிந்தீர் என்று கேட்டார் ஐன்ஸ்டைன். இரண்டு ஊர்களுக்கும் சரியாக நடுவே, இருப்புப்பாதையின் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். இருபுறத்து ஒளியும் ஒருங்கே அவரை வந்தடைந்தால், இரு மின்னல்களும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன என்று அவர் முடிவு செய்வார். மின்னல் தாக்கும் கணத்தில் அவரைக் கடந்து திண்டிவனம் நோக்கி விரையும் தொடர்வண்டியில் இன்னொருவர் அமர்ந்திருக்கிறார். அவர் திண்டிவனத்து ஒளியை எதிர்கொண்டு செல்கிறார். விழுப்புரத்து ஒளியோ அவரைத் துரத்தி வருகிறது. ஆகவே திண்டிவனத்து ஒளி அவரை முதலில் அடையும். ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே ஆதலால், திண்டிவனத்தில்தான் முதலில் மின்னல் தாக்கியது என்று அவர் முடிவு செய்வார். தொடர்வண்டியின் வேகத்தில் இவ்வேறுபாடு உணர முடியாத அளவு சிறியது. வேகம் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க அது பெரிதாகும். இருவரில் யார் கூறுவது சரி? இருவர் கூறுவதும் சரியே.

அளக்கும் வழியைச் சொல்லாமல் ஒரே கணம் என்று கூறினால் அத்தொடருக்குப் பொருள் இல்லை என்பதை இயற்பியல் உலகம் இதன்வழிக் கற்றுக்கொண்டது. இருநூறு ஆண்டுகளாக எவரும் ஐயுறாத ஒரு சொல்லை, எவ்வாறு அறிந்தீர் என்ற ஒற்றை வினா நிலைகுலையச் செய்ததைக் கண்டு ஷ்லிக் வியந்தார். மெய்யியலாளர்களுள் சார்பியலை முதலில் ஆழ்ந்து புரிந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். 1915இல் அதனைக் குறித்து அவர் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைன் பாராட்டினார். இருவருக்கும் இடையே கடிதத் தொடர்பு வளர்ந்தது. 1917இல் இக்கால இயற்பியலில் வெளியும் காலமும் என்னும் பொருளில் அமைந்த சிறுநூலையும், 1918இல் பொது அறிவாய்வியல் என்னும் பெருநூலையும் ஷ்லிக் வெளியிட்டார். கீல் பல்கலைக்கழகத்தில் சிறிதுகாலம் பணியாற்றியபின், 1922இல் வியன்னாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. எர்ன்ஸ்ட் மாக், லுட்விக் போல்ட்ஸ்மன் ஆகிய இரு பேரறிஞர்கள் முன்னர் வீற்றிருந்த இருக்கை அது.

வியாழக்கிழமை மாலைகள்

முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் பேரரசு சிதைந்திருந்தது. பெரும்பரப்பை ஆண்ட வியன்னா, சிறிய குடியரசு ஒன்றின் பெரிய தலைநகராகச் சுருங்கி நின்றது. பசியும் பணவீக்கமும் மக்களை வாட்டின. அத்தகைய நகரில், 1924ஆம் ஆண்டு முதல் வியாழக்கிழமை மாலைதோறும், போல்ட்ஸ்மன் பெயரால் அமைந்த தெருவிலிருந்த கணிதத்துறைக் கட்டடத்தின் தரைத்தள அறை ஒன்றில் சிலர் கூடிப் பேசலாயினர். கூட்டத்தைக் கூட்டியவர் ஷ்லிக். வியன்னா வட்டம் என உலகம் அறிந்த குழு இதுவே.

அதில் மெய்யியலாளரைவிடப் பிற துறையினரே மிகுதி. ஹான்ஸ் ஹான் கணித அறிஞர். அவருடைய தங்கை ஓல்கா ஹான், இளமையிலேயே பார்வையை இழந்தும் தருக்கவியலில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். ஓல்காவின் கணவர் ஓட்டோ நொய்ராத் பொருளியல் அறிஞர். உருவத்திலும் குரலிலும் பெரியவர். ருடால்ஃப் கார்னப் 1926இல் வந்து சேர்ந்தார். வட்டத்தின் கருத்துகளுக்குக் கட்டுக்கோப்பான தருக்க வடிவம் கொடுத்தவர் அவரே. பேச்சு நிகழும்போது ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்திருந்த மெலிந்த மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் குர்ட் கேடல். எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரணற்ற எந்த ஆதாரக் கொள்கைத் தொகுதியிலும் அதனால் நிறுவவோ மறுக்கவோ இயலாத கூற்றுகள் எஞ்சியே தீரும் என்று பின்னாளில் மெய்ப்பித்துக் கணித உலகை அதிரவைத்தவர் இவர்.

வட்டத்தில் சேராமலே வட்டத்தை ஆட்டிவைத்தவர் லுட்விக் விட்கென்ஸ்டைன். பெருஞ்செல்வத்தைத் துறந்து சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். அவரது சிறுநூலை வட்டத்தினர் வரி வரியாகப் படித்து விவாதித்தனர். பலமுறை முயன்று, 1927இல் ஷ்லிக் அவரைச் சந்தித்தார். தருக்கம் பேசுவார் என்று காத்திருந்த நண்பர்களுக்குச் சில வேளைகளில் விட்கென்ஸ்டைன் முதுகைக் காட்டி அமர்ந்து, இரவீந்திரநாத் தாகூரின் கவிதைகளைப் படித்துக்காட்டினார். சொல்லால் சொல்ல இயலாதவை உண்டு, அவையே முதன்மையானவை என்பது அவர் நம்பிக்கை. வியன்னாவின் தருக்க அறிஞர்கள் வங்கக் கவிஞரின் கவிதையைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள் என எண்ணிப் பார்ப்பது சுவையானது.

ஷ்லிக் மென்மையாகப் பேசுபவர், எவரையும் இடைமறிக்காதவர். 1929இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் நல்ல பதவி தந்து அழைத்தபோதும் அவர் வியன்னாவை விட்டு நீங்கவில்லை. அதற்கு நன்றியாக நண்பர்கள் தம் கொள்கைகளை விளக்கும் அறிக்கை ஒன்றை அச்சிட்டு அவருக்குக் காணிக்கையாக்கினர். அதன் முழக்கம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கட்சிபோல் இயங்குவது அறிஞர்க்கு அழகன்று என்பது அவர் எண்ணம். இதில் அவர்பக்கமே நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது.

தெரியுமா?
ஓட்டோ நொய்ராத் வியன்னாவில் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றை நடத்தினார். எழுத்தறிவு குறைந்த தொழிலாளரும் புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ளும் பொருட்டு, மனிதர், வீடு, தானியம் முதலியவற்றைச் சிறு உருவங்களாக வரைந்து காட்டும் முறையைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். இன்று தொடர்வண்டி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நாம் காணும் உருவக் குறியீடுகளுக்கு அம்முறை ஒரு முன்னோடி.

சரிபார்ப்புக் கொள்கை

வியன்னா வட்டத்தின் கோட்பாடு தருக்கப் புலனறிவாதம் எனப்படும். உலகைப் பற்றிய அறிவு புலன்வழிப் பட்டறிவால் மட்டுமே கிடைக்கும் என்பது இதன் ஒரு கால். அவ்வறிவைச் சொல்லும் மொழியைத் தருக்கத்தால் பகுத்தாய வேண்டும் என்பது மற்றொரு கால். அளவை பற்றிய ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலை, பல சமயத்தாரும் தத்தம் அளவைகளை எடுத்துரைக்கக் கேட்பதைச் சீத்தலைச்சாத்தனார் விரிவாகப் பாடியிருக்கிறார். காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்ட உலகாயதரும் நம் நாட்டில் வாழ்ந்தனர். வியன்னா வட்டத்தினரை உலகாயதரோடு ஒப்பிடத் தோன்றும்; ஆனால் முக்கியமான வேறுபாடு உண்டு. எவ்வளவை கொண்டு உண்மையை அறிவது என்பது பழைய வினா. ஒரு கூற்று பொருளுடையதுதானா என்பது வட்டத்தார் அதற்கு முன்னே வைத்த வினா.

இரண்டும் மூன்றும் கூட்டினால் ஐந்து என்பது போன்ற கணிதக் கூற்றுகளைச் சரிபார்க்க எவரும் வெளியே செல்ல வேண்டியதில்லை. அவை தம் குறியீடுகளின் பொருளாலேயே மெய்யாகின்றன. எஞ்சிய கூற்றுகள் உலகைப் பற்றிப் பேசுபவையாயின், அவற்றைச் சரிபார்க்கும் வழி ஒன்று இருக்க வேண்டும். அவ்வழியைச் சொல்வதே அக்கூற்றின் பொருளைச் சொல்வதாகும். இதுவே சரிபார்ப்புக் கொள்கை.

இங்கு மாணவர்கள் ஒரு பிழைக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும். இன்றே, இப்போதே சரிபார்க்க இயல வேண்டும் என்று ஷ்லிக் கூறவில்லை. நிலவின் மறுபக்கத்தில் மலைகள் உள்ளன என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். அவர் காலத்தில் நிலவின் மறுபக்கத்தை மனிதர் எவரும் கண்டதில்லை. காண்பதற்குக் கருவியும் இல்லை. ஆயினும், அங்குச் சென்று பார்த்தால் தெரியும் என்று வழியைச் சொல்ல முடிகிறது. ஆதலால் அக்கூற்று பொருளுடையது என்றார். அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப்பின், 1959இல், சோவியத் நாட்டின் லூனா 3 விண்கலம் அம்மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியருகே இந்தியாவின் சந்திரயான்–3 இறங்கியதை நாம் கண்டோம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை.

இறந்தபின் உயிர் தொடர்கிறதா என்னும் வினாவையும் அவர் பொருளற்றது என்று தள்ளவில்லை. உடல் மாய்ந்த பிறகும் பட்டறிவு தொடர்வதைக் கற்பனை செய்ய இயல்கிறது; எனவே அது பொருளுடைய வினாவே என்று 1936இல் வெளிவந்த கட்டுரையில் எழுதினார். இதனை அறியாமல் அவரைத் தூற்றினோர் பலர்.

கடந்த காலத்தைப் பற்றிய கூற்றுகள் என்னாவது? செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு போரிட்டு மடிந்தார் என வரலாறு கூறுகிறது. அப்போரை நாம் மீண்டும் காண இயலாது. ஆயினும் ஆவணங்களும் அக்காலத்தோர் குறிப்புகளும் சான்றாகும். அதே தேசிங்கின் கதையை நாட்டுப்புறப் பாடகர்கள் கதைப்பாடலாகப் பாடுகின்றனர். பாடலில் வரும் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் வரலாற்றுச் சான்றோடு ஒப்பிட்டு, ஒத்துவராதவற்றைப் பொய் எனத் தள்ளிவிட வேண்டுமா? இலக்கியம் பயிலும் நமக்கு இது முதன்மையான வினா. வட்டத்தாரின் விடை, பாடல் செய்தி சொல்ல வரவில்லை என்பதாகும். அது வீரத்தையும் இழப்பையும் நம் நெஞ்சில் எழுப்ப வருகிறது. அதனைச் சரிபார்க்க முற்படுவது இசையை எடைபோட முற்படுவது போன்றது. அவர்கள் எதிர்த்தது கவிதையை அன்று. அறிவியல் செய்தியின் உடையை அணிந்துகொண்டு வரும் வெற்றுச் சொற்றொடர்களையே எதிர்த்தனர். இவ்விடை பாடலுக்கு முழு நீதி செய்கிறதா என்பது எனக்கு ஐயமே. கதைப்பாடல் உணர்ச்சியை மட்டுமா தருகிறது? மக்கள் எதை மறக்க விரும்பவில்லை என்பதையும் அது அறிவிக்கிறது அல்லவா? வகுப்பில் விவாதிக்கத்தக்கது இது.

கொள்கைக்கு வந்த சோதனை

நல்ல கருத்துக்கு நல்ல எதிர்ப்பும் வேண்டும். சரிபார்ப்புக் கொள்கைக்கு வந்த எதிர்ப்புகளுள் இரண்டு வலிமையானவை. உலோகங்கள் யாவும் வெப்பத்தால் விரிவடையும் என்கிறது அறிவியல். எத்தனை உலோகத் துண்டுகளைச் சோதித்தாலும், சோதிக்காதவை எஞ்சியே இருக்கும். முழுமையாகச் சரிபார்க்க இயலாத இவ்விதியும் பொருளற்றதா? அவ்வாறாயின், அறிவியலைக் காக்க எழுந்த கொள்கை அறிவியலையே வெட்டிவிடும். ஷ்லிக் இச்சிக்கலை உணர்ந்திருந்தார். இயற்கை விதி என்பது உண்மையில் ஒரு கூற்று அன்று, கூற்றுகளை உருவாக்கிக்கொள்ள உதவும் நெறிமுறையே என்று விடை கூறினார். அவ்விடை பலரை நிறைவு செய்யவில்லை.

அடுத்த எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. சரிபார்க்க இயன்றதே பொருளுடையது என்னும் இக்கொள்கையை எவ்வாறு சரிபார்ப்பது? அது கணிதக் கூற்றும் அன்று. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கத்தக்கதும் அன்று. மெய்யியல் உண்மைகளின் தொகுதி அன்று, சொற்களின் பொருளைத் தெளிவாக்கும் செயலே மெய்யியல் என்பது ஷ்லிக்கின் நிலைப்பாடு. அளவுகோலை அதே அளவுகோலால் அளக்கச் சொல்வது போன்றது இவ்வினா என அவர்தரப்பில் கூறலாம். இவ்விவாதம் இன்றளவும் முடிந்தபாடில்லை.

முதல் எதிர்ப்பைக் கையிலெடுத்தவர் வியன்னாவின் இளம் பள்ளி ஆசிரியர் கார்ல் பாப்பர். விதியை மெய்ப்பிக்க இயலாது, பொய்ப்பிக்க இயலும். விரிவடையாத ஓர் உலோகம் போதும், அவ்விதி வீழ்ந்துவிடும். ஆகவே பொய்ப்பிக்க இடம் தருவதே அறிவியலின் அடையாளம் என்று அவர் வாதிட்டார். ஷ்லிக் அவரைத் தம் வியாழக்கிழமைக் கூட்டத்திற்கு ஒருபோதும் அழைத்ததில்லை. ஆயினும், வட்டத்தின் கருத்தைத் தாக்கிய பாப்பரின் நூல், ஷ்லிக்கும் ஃபிலிப் ஃபிராங்கும் பதிப்பாசிரியர்களாக இருந்த நூல்வரிசையிலேயே 1934இன் இறுதியில் வெளிவந்தது. தம் கொள்கையை மறுக்கும் நூலைத் தாமே பதிப்பித்த இச்செயலைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

படிக்கட்டில்

1930களில் வியன்னாவின் காற்று மாறியது. 1934 பிப்ரவரியில் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை நடந்தது; குடியாட்சி ஒடுக்கப்பட்டது. அறிவியல் சிந்தனையைப் பொதுமக்களிடம் பரப்புவதற்காக ஷ்லிக்கின் தலைமையில் இயங்கிய எர்ன்ஸ்ட் மாக் கழகத்தை அரசு கலைத்தது. அக்கழகம் அரசியல் சார்பற்றது என எடுத்துக்காட்டி ஷ்லிக் எழுத்துவழி மறுப்புத் தெரிவித்தார்; பயனில்லை. நொய்ராத் நெதர்லாந்துக்குச் சென்றுவிட்டார். ஹான் அவ்வாண்டே இறந்தார். கார்னப் பிராகு நகரிலிருந்து அமெரிக்காவிற்குப் பயணமானார். ஷ்லிக் வியன்னாவிலேயே இருந்தார்.

அவரிடம் 1931இல் முனைவர் பட்டம் பெற்ற யோஹான் நெல்பொக் என்பவர், தம் வாழ்வின் தோல்விகளுக்கெல்லாம் ஷ்லிக்கே காரணம் என நம்பத் தொடங்கியிருந்தார். மனநல மருத்துவமனையில் இருமுறை சேர்க்கப்பட்டவர் அவர். கொன்றுவிடுவதாக அவர் மிரட்டியதால் ஷ்லிக்கிற்குச் சிறிதுகாலம் காவல்துறையின் பாதுகாப்பு அளிக்கப்பட்டது; பின்னர் அது நின்றுபோயிற்று. 1936 ஜூன் 22ஆம் நாள் காலை, வகுப்பிற்குச் செல்லப் பல்கலைக்கழகத்தின் படிக்கட்டில் ஏறிய ஷ்லிக்கை நெல்பொக் சுட்டுக் கொன்றார். அப்போது அவருக்கு அகவை 54.

கொலையினும் கொடியது அதன்பின் நிகழ்ந்தது. நாளிதழ்களும் வார இதழ்களும் கொலையுண்டவரையே குற்றவாளியாக்கத் தொடங்கின. இளைஞர்களின் நம்பிக்கையை அழித்த மெய்யியல் தன் வினைப்பயனைத் தானே அறுவடை செய்தது என்ற பொருளில் கட்டுரைகள் வந்தன. அவர் யூதச் சிந்தனையின் பிரதிநிதி என்றும், அவருடைய இருக்கையில் இனி யூதர் அமரக்கூடாது என்றும் புனைபெயரில் ஒருவர் எழுதினார். ஷ்லிக் யூதர் அல்லர். சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எளிதில் சரிபார்க்கத்தக்க செய்திதான் அது. அறமின்மையைப் பரப்பினார் என்று குற்றம் சாட்டியோர், 1930இல் அவர் அறவியல் பற்றியே ஒரு நூல் எழுதியதையும், அன்பும் நல்லெண்ணமுமே மகிழ்ச்சிக்கு வழி என்று அதில் வாதிட்டதையும் புரட்டிப் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மெய்யியல் வரலாற்றில் என்னை மிகவும் வருந்தச் செய்யும் பக்கம் இது.

நீதிமன்றம் நெல்பொக்கிற்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவிற்குள் நுழைந்தது. ஆபத்தான கருத்துகளைப் பரப்பிய ஒருவரை அகற்றியதன்வழித் தாம் தொண்டு செய்ததாக நெல்பொக் புதிய ஆட்சியாளரிடம் விண்ணப்பித்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் அவர் வெளியே வந்துவிட்டார்.

வட்டத்தில் எஞ்சியோரும் சிதறினர். ஷ்லிக்கின் உதவியாளராக இருந்த ஃப்ரீட்ரிஷ் வைஸ்மன் இங்கிலாந்திற்குச் சென்றார். நெதர்லாந்தை நாஜிப்படை கைப்பற்றியபோது, 1940இல் நெருக்கடி மிகுந்த படகு ஒன்றில் ஏறி நொய்ராத் கடலைக் கடந்தார். கப்பலைக் கரையேற்ற வழியின்றி நடுக்கடலிலேயே பழுது பார்க்கும் மாலுமிகளைப் போன்றவர்கள் நாம் என்று அறிவைப் பற்றி முன்னரே உவமை கூறியவர் அவர். கேடல் சைபீரியா வழியாக அமெரிக்காவை அடைந்தார். வியன்னாவின் ஓர் அறைக்குள் பேசப்பட்ட கருத்துகள் இவர்களோடு சேர்ந்து ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகங்களில் அறிவியலின் மெய்யியல் ஒரு தனித்துறையாக வளர்வதற்கு வித்திட்டன. சரிபார்ப்புக் கொள்கையை அதன் பழைய வடிவில் இன்று ஏற்போர் மிகச் சிலரே. ஆனால் அதனை மறுத்தவர்களும், எந்தச் சோதனையால் இக்கூற்று தோற்கும் என்று ஷ்லிக்கின் வழியிலேயே கேட்டு மறுத்தனர்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தின் அப்படிக்கட்டில், ஷ்லிக் வீழ்ந்த இடத்தில், இன்று ஒரு பொறிப்பு இருக்கிறது. அவர் கொலையுண்ட நாளைக் குறிப்பிடும் அது, இனவெறியாலும் சகிப்பின்மையாலும் நஞ்சூட்டப்பட்ட அக்காலச் சூழலும் அக்கொலைக்குத் துணைநின்றது என்பதைப் பதிவு செய்கிறது. மாணவர்கள் நாள்தோறும் அதனைக் கடந்தே வகுப்பிற்குச் செல்கின்றனர்.